சூளைக் குளத்தில் நான் பிடித்த சம்பந்தம்

என் ராசாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது. ஈப்போவில் உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ரயில் ஆபீஸ் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சத்தமாகப் படி. உன் அம்மா செய்த காரியத்தை நம் தேக்கா வட்டாரம் முழுக்கப் பேசி முடித்துவிட்டது, இனி ஈப்போதான் பாக்கி. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் நீ குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த இடம் வரும்போது நானே சொல்கிறேன். கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டு நீ கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாய், நான் வாயே திறக்கவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடாதே. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் பலகையைப் பார்த்துப் பழகிய எழுத்து இது. கோணல்மாணலாக இருந்தால் உன் வாத்தியாரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

செங்கல் சூளைக்காரர் முத்துக்கருப்பன் மகள் சிவகாமியை நீ கோயில் திருவிழாவில் பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, அம்மிக் கல்லைத் தடவிக்கொண்டே நின்றாயே, அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நீ ஈப்போ போனதும் ஆள் விட்டுப் பேசினேன். அவர்களும் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். முத்துக்கருப்பன் அண்ணன் நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பையன் ரயில் ஆபீஸ் உத்தியோகம், கெட்ட பழக்கம் இல்லை, பெண்ணுக்கும் சம்மதம் என்று எல்லாம் பேசி முடிந்தது. எழுந்திருக்கும் நேரத்தில் கதவோரம் சாத்தி வைத்திருந்த என் தூண்டில் கழி அவர் கண்ணில் பட்டது. பட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். இனிமே நீங்க குளக்கரைப் பக்கம் போகப்படாது. சூளைக்காரன் சம்பந்தி சேத்துல உக்காந்து கெளுத்தி புடிக்கிறாங்கன்னா ஊர் என்ன பேசும்?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஊரு பேசுறது என் காதுல விழாதுண்ணே. எனக்குத் தூண்டில்ல மீன் கடிக்கிறதுதான் தெரியும். கெளுத்தி புடிக்கிறவ வீடு ஆகாதுன்னா பொண்ணை வேற இடத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். அதோடு உன் கல்யாணம் நின்றது. இதைத்தான் நான் உனக்கு எழுதாமல் இருந்தேன்.

அந்தக் கழி எனக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நான் இந்தத் தேக்காவிலேயே பிறந்தவள். பாவாடை கட்டிய வயதில் ரோச்சோர் வாய்க்காலில் வளைத்த குண்டூசியும் மண்புழுவும் வைத்து முதல் கெளுத்தியைத் தூக்கினேன். அது கரையில் விழுந்து, மீசையை ஆட்டிக்கொண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல்லில் நெளிந்து நடந்து தண்ணீருக்குத் திரும்பிப் போய்விட்டது. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் அசராத மீன்! அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றும் விடவில்லை. உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு பாலஸ்டியர் சாலைக்கு அப்பால், தோ பாயோ சதுப்பு ஓரத்தில் சூளைகளுக்கு மண் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகளாகக் கிடப்பதைக் கண்டேன். அவர் செங்கல் ஏற்ற மாட்டுவண்டி ஓட்டிப் போவார், நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். வீடு வீடாக மசாலா அரைத்துக் கொடுத்த கையின் எரிச்சலை அந்தத் தண்ணீர்தான் ஆற்றியது.

உன் அப்பாவுக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. பொறுமை கிடையாது, கொட்டாவி விடுவார். ஆனால் வண்டியில் சுமை ஏறும் வரைக்கும் என் பக்கத்தில் நின்று குடை பிடிப்பார். சூளை ஆட்கள் சிரிப்பார்கள். "என்னண்ணே, பெண்டாட்டி மீன் புடிக்கிறா, நீங்க குடை புடிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். "வெயில் அடிக்குதுல்ல" என்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், குடையையும் இறக்கமாட்டார். ராசா, கல்யாணத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. உன் பெண்டாட்டிக்கு எது பிடிக்கிறதோ, அது உனக்கு விளங்காவிட்டாலும் போகட்டும், பக்கத்தில் நின்று குடை பிடி. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் குளக்கரையில் வெயில் ஏறும்போது என் கை தானாகக் குடையைத் தேடுகிறது. அவரை நினைக்காமல் நான் ஒரு மீனும் தூக்கியதில்லை.

நீயும் அந்தக் கரையில் வளர்ந்தவன்தான். ஒரு தடவை கெளுத்தியை மேலிருந்து அமுக்கிப் பிடித்து, செவுளோரத்து முள் ஏறி, ஊரைக் கூட்டி அழுதாய். கோபத்தில் அதைக் காலால் எற்றித் தண்ணீரில் தள்ளினாய். நான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுவிட்டு, மீனை வையாதே, நீ பிடித்த விதம்தான் சரியில்லை, அடியில் கை கொடுத்து முள்ளுக்குப் பின்னால் விரலை வைத்தால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும் என்று சொன்னேன். அன்றைக்கு நீ காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கிக்கொள், மீனுக்கு மட்டும் சொன்னதில்லை அது.

சரி, இப்போது குரலைத் தாழ்த்திக்கொள். கல்யாணம் நின்ற பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீறாப்பாகப் பேசிவிட்டேன், ஆனால் வீட்டுக்குள் நடந்தால் அம்மிக் கல் கண்ணில் படும், நீ அதைத் தடவிக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். என் பிள்ளை ஆசைப்பட்ட ஒரே காரியத்தை என் வாயாலேயே கெடுத்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தீபாவளி கழிந்த வாரத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். கழியைத் துடைத்து, கயிற்றைச் சுற்றி, இரண்டையும் பரணில் போட்டேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, சூளைக்காரர் வீட்டுக்குப் போய் "இனி தொடமாட்டேன்" என்று சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு வந்தேன். வாசலில் அவரே நிற்கிறார்! கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. முகத்தில் ஈயாடவில்லை. இந்தச் சங்கதி மட்டும் அவர் காதுக்கு எட்டக் கூடாது, எட்டினால் என் மரியாதை காற்றில் போய்விடும்.

"தங்கச்சி, கோபத்தை மனசுல வச்சுக்காதீங்க. பெரிய பள்ளத்துல என்னமோ கெடக்கு" என்றார். கேட்டால், அவர் சூளைக் குளத்தில் வளர்க்கும் வாத்துக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றனவாம். முதலை என்கிறார்கள் சிலர். முனி என்கிறார்கள் சிலர். கால் கழுவ இறங்கிய ஒருவனின் குதிகாலை எதுவோ கவ்வி இழுத்திருக்கிறது. அன்றிலிருந்து ஒருவனும் மண் வெட்டப் பள்ளத்தில் இறங்குவதில்லை. சூளை அணைந்து கிடக்கிறது. வலைக்காரர்களைக் கூப்பிட்டு வலை போட்டதில் வலைதான் கிழிந்தது. "உங்களை மாதிரி அந்தத் தண்ணிய அறிஞ்சவங்க யாருமில்லன்னு ஆளுங்க சொல்றாங்க" என்று முடித்தார்.

"அந்த ஆள் குதிகால்ல பல்லு எறங்கிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, அரத்தால தேச்ச மாதிரி தோல் மட்டும் வழண்டிருக்கு."

"குஞ்சு போகும்போது தண்ணி அடிச்சுச்சா?"

"இல்ல. 'களக்'னு ஒரு சத்தம், அப்புறம் குஞ்சைக் காணோம்."

என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதலை என்றால் பல் இறங்கியிருக்கும், தண்ணீரைக் கலக்கி அடித்திருக்கும். சத்தமில்லாமல் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுவது மலாய்க்காரர்கள் தாப்பா என்று சொல்லும் மீன். நம் கெளுத்திக்குப் பெரியப்பன் முறை. செதில் கிடையாது, மீசை முழ நீளம், வாய்க்குள் அரம் மாதிரி பற்கள். வெள்ளக் காலத்தில் காலாங் ஆறு பொங்கிப் பள்ளங்களோடு கலந்தபோது உள்ளே வந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்பு நான் மூங்கில் கழியோடு அதே குளத்தில் ஒன்றைக் கொக்கியில் மாட்டி, அவசரப்பட்டு இழுத்து, கயிறு அறுந்து, கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேனே, அதுவேதான் இது. உனக்கு எழுதியபோது நீ நம்பவில்லை. "கட்டையாக இருக்கும் அம்மா" என்று பதில் போட்டாய்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார் அண்ணன். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. உன் கல்யாணத்தை அந்த நிமிஷமே கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் பெண்ணைப் பண்டமாற்று செய்யக் கூடாது, ராசா. ஒரு பெண்ணை அப்படிக் கொண்டுவந்தால் அவள் காலம் முழுக்க மீனுக்கு மாற்றாக வந்தவள் என்றுதான் இருப்பாள். "இந்தத் தட்டை எடுத்துட்டுப் போங்க. எனக்கு அந்த மீன் வேணும், அதுக்காகத்தான் வர்றேன். கோழிக் குடல் மட்டும் தயார் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினேன்.

குளத்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. சூளையில் வேலை செய்யும் மாணிக்கம், ஆட்களின் பயத்தைத் தீர்க்க வேண்டும் என்று, வெள்ளிக்கிழமை காலைதோறும் கரையில் தப்பு மேளம் அடித்து முனிக்குப் படையல் போட்டு வந்திருக்கிறான். கோழி அறுத்து, குடலையும் தலையையும் தண்ணீரில் வீசுவானாம். வீசியதும் தண்ணீர் சுழித்து அதை வாங்கிக்கொள்ளுமாம். முனி ஏற்றுக்கொண்டார் என்று எல்லோரும் விழுந்து கும்பிடுவார்களாம்! அடுத்த வாரம் இன்னும் பெரிய கோழி. பயந்து பயந்து இவர்களே அந்த மீனுக்கு மாப்பிள்ளை விருந்து வைத்து, தப்புச் சத்தம் கேட்டால் கரைக்கு வரப் பழக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பயந்தவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் நமக்குக் கயிறு பிடிக்க வரமாட்டான் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாணிக்கம், படையலை நிறுத்த வேணாம்பா. முனி மரத்துலதானே இருப்பாரு? இனி மரத்தடியில வச்சுக் கும்பிடு. தண்ணியில ஒரு துணுக்குகூடப் போடாத" என்றேன்.

"சாமி கோவிச்சுக்கிட்டா, ஆத்தா?"

"கோவம் வந்தா என் மேல வரட்டும். வாத்தையும் கூட்டுல அடைச்சு வைங்க."

இரண்டு வெள்ளிக்கிழமை அப்படியே போயிற்று. குளம் பட்டினி கிடந்தது. அதற்குள் நான் ரோச்சோர் பக்கத்துச் சீனக் கொல்லரிடம் விரல் கனத்தில் ஒரு கொக்கி அடித்து வாங்கினேன். பருத்திக் கயிற்றை மூன்றாக முறுக்கி, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டேன். தக்கைக்கு ஒரு காய்ந்த தேங்காய். மூன்றாவது வெள்ளி காலை, வெயில் ஏறும் முன்பே சூளை ஆட்கள் எல்லோரும் கரையில் கூடிவிட்டார்கள். அண்ணன் வீட்டுப் பெண்களும் மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். சிவகாமி வண்டிக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தாள் என்று அவள் கண் இமையைப் பார்த்ததுமே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கல்யாணம் நின்றதில் வெந்துகொண்டிருந்தது என் பிள்ளை வீடு மட்டும் இல்லை.

குடலுக்குள் கொக்கியை மறைத்து வீசினேன். "அடிப்பா" என்றேன். மாணிக்கம் தப்பை எடுத்து அடித்தான். தேங்காய் மிதந்தது. ஒன்றும் இல்லை. மறுபடியும் அடித்தான். ஆழத்திலிருந்து குமிழி ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. தேங்காய் அமுங்கவில்லை, மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. "இழு, இழு" என்று எல்லோரும் கத்துகிறார்கள். நான் இழுக்கவில்லை. கெளுத்தி ஜாதி இரையை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கும். யோசித்து முடித்து, தனதுதான் என்று நம்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பும். அந்தத் திருப்பத்துக்குக் காத்திருக்கத் தெரியாமல்தான் போன தடவை கோட்டை விட்டேன். தேங்காய் சட்டென்று ஒரே திசையில் ஓடியது. இரண்டு கையாலும் வெட்டி இழுத்தேன்.

மண் பள்ளமே அசைந்த மாதிரி இருந்தது. என் பின்னால் கயிறு பிடிக்க ஆறேழு ஆம்பிளைகளை நிறுத்தி வைத்திருந்தேன், நல்ல திடகாத்திரமான ஆட்கள். இழுக்க இழுக்க அது எதிர்த்து இழுத்தது. பிறகு ஒரு தரம் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கியது. கூடை அளவு வாய், இரண்டு பக்கமும் ஆடுகிற மீசை. "முனி!" என்று ஒருவன் அலறினான். அவ்வளவுதான், கயிற்றைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓட்டம் பிடித்தார்கள். தப்பும் கையுமாக முதலில் ஓடியவன் மாணிக்கம். கயிறு என் கையில் மட்டும். நான் சேற்றில் குப்புற விழுந்து வழுக்கிக்கொண்டே தண்ணீரை நோக்கிப் போகிறேன். விடு என்று கத்துகிறார்கள். விட்டால் மீன் போகும், மீனோடு எல்லாம் போகும் என்று மனசு சொன்னது. ஆனால் விரல் தானாகத் தளர்ந்தது. விட்டிருப்பேன், ராசா.

அப்போது எனக்குப் பின்னால் கயிறு இறுகியது. திரும்பிப் பார்த்தால் சிவகாமி! வண்டியிலிருந்து குதித்து, பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி, கயிற்றை உள்ளங்கையில் வாங்கியிருக்கிறாள். கயிறு ஓடி ஓடி அவள் கையில் ரத்தம் கசிகிறது. "விட்டுடாதீங்க அத்தை!" என்று கத்துகிறாள். அத்தை! அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான். எனக்கு எங்கிருந்தோ யானை பலம் வந்தது. "சக்கரத்துல சுத்து, தாயி! வண்டிச் சக்கரத்துல சுத்து!" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலேயே நகர்ந்து போய்க் கயிற்றைச் சக்கரத்தின் ஆரங்களில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். வண்டி முனகியது, மாடுகள் மிரண்டன, கயிறு நின்றது. மீன் போராடிப் போராடி ஓய்ந்தது. மகள் நின்ற கோலத்தைப் பார்த்த முத்துக்கருப்பன் அண்ணனுக்கு வெட்கமோ வீரமோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, மீனைக் கட்டிப்பிடித்துக் கரைக்குத் தூக்கினார். அவர் அதைத் தூக்கினாரா, அது அவரைத் தூக்கியதா என்பதைப் பற்றித் தேக்காவில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! மீனைச் செங்கல் வண்டியில் கிடத்தினோம். வால் பின்பக்கம் தொங்கித் தரையைக் கூட்டியது. ஓடிப்போன ஆட்கள் எல்லாம் திரும்பி வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். மாணிக்கம் தப்பைப் பிளந்து கட்டினான். சிராங்கூன் சாலை முழுக்கக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ரிக்‌ஷாக்கள் நின்றன. காதர் பாய் தன் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மீனை ஏற்றிவிட்டு, தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, உங்க எடைக்கு மேல நிக்குதே! போதும்லா, இனி குளத்துல மீனே இருக்காது" என்றார். சேறு காயாத சேலையோடு, கிழவி நான், வண்டி மேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

ஊர் என்ன பேசும் என்று கேட்டாரே, அவர்தான் ஊர் முழுக்கப் பேசினார். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரையும் விடவில்லை. "இது யாரு புடிச்சதுன்னு தெரியுமா? என் சம்பந்தி! என் சம்பந்தி புடிச்சது!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். மீனை அறுத்துச் சூளைக்காரர்களுக்கும் பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்புக்கும் பங்கு வைத்தோம். அன்றைக்குத் தேக்காவில் குழம்பு கொதிக்காத அடுப்பு இல்லை. சாயங்காலம் அதே வெற்றிலைத் தட்டோடு மறுபடி வந்தார். "நிபந்தனை ஒண்ணுமில்ல தங்கச்சி, வாங்கிக்குங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். தை மாதம் உனக்குக் கல்யாணம், ராசா. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு.

அவர் பக்கம் நிபந்தனை இல்லை, என் பக்கம் உண்டு, அதையும் சத்தமாகப் படி. நீ போன மாதம் எழுதினாய், கல்யாணம் ஆனதும் தேக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்து நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி. உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு உட்கார்ந்து சாப்பிடும் வயது இன்னும் வரவில்லை. குளக்கரையில் உட்காரும் வயதுதான் நடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வருவேன், பேரப்பிள்ளை பிறந்தால் அடிக்கடி வருவேன். மற்ற நாளெல்லாம் என்னை இந்தத் தண்ணீரோடு விட்டுவிடு. நான் சந்தோஷமாக இருக்கிறேன், ரொம்பவும் சந்தோஷமாக இருக்கிறேன்.

நேற்று சிவகாமியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆனால் தழும்பு நிற்கும் என்கிறார் வைத்தியர். மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று அவளுடைய அம்மாவுக்கு ஒரே கவலை. என் பிள்ளை என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மணவறையைச் சுற்றி வரும்போது அந்தக் கை உன் கையில் இருக்கும். குறுக்காக ஒரு தடிப்பு உன் விரலில் தட்டுப்படும். அத்தனை ஆம்பிளைகள் விட்டுவிட்டு ஓடிய கயிற்றை அந்தக் கை விடவில்லை. நீயும் விட்டுவிடாதே.

உன் அம்மா